ரோஸிக்கு எட்டாத ஜன்னல்

எங்கள் பள்ளியில் 'ஆயாம்மா' என்று கூப்பிட்டால் வருகிறவர்கள் மூன்று பேர். அதில் உயரமான ஆயாம்மாவின் பெயர் ரோஸி. இதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பதினோரு வருடமும் ஒரு ஜெயிலும் தேவைப்பட்டது.

சேலையூர் கேம்ப் ரோட்டில் இருக்கும் அந்தப் பள்ளியில் நான் சமூக அறிவியல் டீச்சர். பெயர் ஸ்ரீவித்யா. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை அத்தனை பிள்ளைகளையும் இனிஷியலோடு சொல்லுவேன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. தினமும் பத்தே முக்காலுக்கு என் மேஜையில் டீ டம்ளரை வைக்கிற பெண்மணியின் பெயரைக் கேட்க மட்டும் எனக்குத் தோன்றியதே இல்லை. இதற்காக என்னைத் திட்டிக்கொண்டே போனால் கதை நகராது. திட்டிக்கொள்ள இதைவிட நல்ல இடம் பின்னால் வருகிறது.

ரோஸிக்கு நாற்பத்தெட்டு வயது. ஐந்தடி எட்டு அங்குல உயரம். அலமாரி மேல் விழுந்த பந்தை ஸ்டூல் போடாமல் எடுத்துக் கொடுப்பார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் டவர். அது அவருக்கும் தெரியும். "டவருதான், சிக்னல் இல்லாத டவரு" என்று அவரே சிரிப்பார். எல்.கே.ஜி. குழந்தை வாந்தி எடுத்தால் முகம் சுளிக்காமல் மண்ணை அள்ளிப் போட்டு, "இன்னாத்த துன்னுட்டு வந்த நீ" என்று விசாரித்துக்கொண்டே துடைப்பார். பெரிய வகுப்புப் பெண்களுக்கு நாள் முந்தி வந்துவிட்டால் முதலில் தெரிவது அவருக்குத்தான். இடுப்புப் பையில் அதற்கு வேண்டியதை எப்போதும் வைத்திருப்பார். மப்பேடு பக்கம் வாடகை வீடு. ஒரே மகள் காட்டாங்குளத்தூர் கல்லூரி ஒன்றில் லேப் உதவியாளர். கணவர் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டார் என்று வேலைக்குச் சேரும்போது படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்.

காமாலை இல்லை. அவர் இறந்தது ஜெயிலில். ரோஸி இதை என்னிடம் பிறகுதான் சொன்னார் என்றாலும் உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு பஸ்ஸில் நான் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்த மாதிரி நீங்களும் உட்கார வேண்டாம்.

அவர் பெயர் சவுரிமுத்து. பெயிண்டர். ஆள் குள்ளம், மனைவியின் தோள் உயரம்தான் வருவார். கல்யாண போட்டோவுக்குச் செங்கல் மேல் நிற்கவைத்தார்களாம். பதினைந்து வருடத்துக்கு முன்னால் சிட்லபாக்கத்தில் ஒரு வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தபோது அந்த வீட்டில் ஒரு செயின் காணாமல் போனது. வெளியாள் என்று வீட்டுக்குள் இருந்தவர் அவர் ஒருத்தர்தான். பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். செயின் பிறகு கிடைத்ததா என்று இன்று வரை யாரும் வந்து ரோஸியிடம் சொல்லவில்லை. ரிமாண்டில் கொண்டுபோய் வைத்தது செங்கல்பட்டைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் இருந்த பழைய கிளைச் சிறையில். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். பதினோராம் நாள் ஆள் வந்து செய்தி சொன்னார்கள். ஜன்னல் கம்பியில் லுங்கியைக் கட்டித் தூக்குப் போட்டுக்கொண்டாராம்.

மார்ச்சுவரி வாசலில் ஒரு தாளை நீட்டினார்கள். உடம்பை வாங்கிக்கொள்ள ஒரு கையெழுத்து என்றார்கள். ரோஸியின் இடுப்பில் நாலு வயது மகள், காய்ச்சலோடு. ரோஸி எட்டாவது வரை படித்தவர், தமிழ் நன்றாகவே படிப்பார். அன்றைக்குப் படிக்கவில்லை. அதில் என்ன இருந்தது என்று பிறகு ஒரு வக்கீல்தான் சொன்னார். 'என் கணவர் சில நாட்களாக மனவருத்தத்தில் இருந்தார். அவர் இறப்பில் எனக்கு யார் மீதும் சந்தேகம் இல்லை.'

தற்கொலை என்று எழுத்தில் வந்துவிட்டதால் கோயிலில் துக்க மணி அடிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்துக் கமிட்டியில் பழைய ஆட்கள் கூடிப் பேசி, பின் சுவர் ஓரம், குப்பை எரிக்கிற இடத்தை ஒட்டி ஒரு குழி கொடுத்தார்கள். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்றைக்கு எல்லோரும் அவரவர் கல்லறைக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். ஃபாதர் வரிசை வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். பின் சுவருக்கு ஐந்தாறு அடி முன்னால் திரும்பிவிடுவார். பதினைந்து வருடமாக ரோஸி அந்த ஐந்தாறு அடியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஊரெல்லாம் வெள்ளையடித்த மனுஷனின் கல்லறைக்கு அவர் மட்டும்தான் வெள்ளையடிக்கிறார்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்த ஜன்னலைப் பார்க்க வேண்டும். "அவரு எனுக்கே தோள் ஒசரம் மிஸ். ஜெயிலு ஜன்னலு எம்மாம் ஒசரம் இருக்கும்? ஒரு தபா நேருல பாத்துட்டன்னா தெரிஞ்சிடும்ல, அவரா பண்ணிகினாரா இல்லியான்னு" என்று பிறகு சொன்னார். ஜெயில் நடந்த காலத்தில் உள்ளே விடவில்லை. பிறகு வேறு இடத்தில் புது ஜெயில் கட்டி இதைப் பூட்டிப் போட்டார்கள். இரண்டு வருடமாகத்தான் பார்வைக்குத் திறக்கிறார்கள், அதுவும் பள்ளி கல்லூரிக் குழுக்களுக்கு மட்டும். லெட்டர்ஹெட்டில் எழுதிக் கேட்க வேண்டும். ரோஸியிடம் ஏது லெட்டர்ஹெட்?

என்னிடம் இருந்தது. போன செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பை எங்கே சுற்றுலா கூட்டிப்போவது என்று ஸ்டாஃப் ரூமில் பேச்சு வந்தது. வண்டலூர், விட்டால் மகாபலிபுரம். எத்தனை தடவைதான் அந்த யானைகளையே பார்ப்பது என்று நான் அலுத்துக்கொண்டேன், மகாபலிபுரத்துக் கல் யானையையும் சேர்த்துத்தான். டீ வைக்க வந்தவர் டம்ளரிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்.

"செங்கல்பட்டாண்ட பழைய ஜெயிலு ஒண்ணு கீதாம் மிஸ். ஸ்கூலு லெட்டர் குடுத்தா தொறந்து காட்றாங்களாம்."

"அது பேய் ஜெயிலாம் ஆயாம்மா. பசங்க போன்ல வீடியோ பாத்துட்டு ஒளறிட்டு இருக்காங்க. உங்களுக்குப் பயமா இல்லையா?"

"பேயி இன்னா மிஸ் பண்ணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல யோசனையாகவும் பட்டது. ஜெயில் என்றால் சுதந்திரப் போராட்டம், பாடத்தோடு சேர்த்துவிடலாம். சுற்றுலாவுக்கு வழக்கமாக வேறு ஆயாம்மா வருவார். இந்தத் தடவை உயரமான ஆயாம்மா அவரிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். வயசான காலத்தில் ஊர் சுற்ற ஆசை போலிருக்கிறது என்று நினைத்தேன். சத்தமாகவும் சொன்னேன்.

அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை, நாற்பத்திரண்டு பிள்ளைகளோடு பஸ் கிளம்பியது. பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் ஆரோன் ஆரம்பித்துவிட்டான். வகுப்பிலேயே வாய் அதிகம் உள்ள பையன். அந்த வீடியோவை முப்பது தடவையாவது பார்த்திருப்பான்.

"டேய் கேளுங்கடா. சவுரிமுத்துன்னு ஒரு கைதி. பொண்டாட்டிய அருவாளால வெட்டிட்டு ஜெயிலுக்கு வந்தவன். செல்லுல தூக்குல தொங்கிட்டான். அவன் wife இன்னும் அந்த செல்லுக்கு வர்றாளாம். கம்பியப் புடிச்சிட்டு மூணு தடவ அவ பேரச் சொல்லணும். பதில் வரும்."

ஆயாம்மா அப்போது சீட் சீட்டாக வாந்தி கவர் கொடுத்துக்கொண்டு வந்தார். ஆரோன் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றார்.

"யார வெட்டிட்டான்?"

"அவன் wifeஅ ஆயாம்மா. பேரு ரோஸி."

"ஓ" என்றார். அவன் கையில் ஒரு கவரைக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். நான் முன் சீட்டிலிருந்து, "ஆரோன், ஆயாம்மாவைப் பயமுறுத்தாதே" என்று அதட்டினேன். இதுதான் நான் சொன்ன அந்த நல்ல இடம். செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட பெண் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டே கவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார், நான் காற்றாட உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருக்கிறேன். அவர் பெயர் எப்படி அந்தக் கதைக்குள் போனது என்று பிறகு தேடிப் பார்த்தேன். பழைய பேப்பர் செய்தியில் 'மனைவி ரோஸி வாக்குமூலம்' என்று ஒரு வரி இருந்தது. யாரோ அதை எடுத்து, அவரையும் கொன்று, பின்னால் இசை போட்டுவிட்டார்கள்.

ஜெயில் வாசலில் எங்களைக் கூட்டிப்போக உதயா என்று ஒரு பையன் நின்றிருந்தான். இருபத்தைந்து வயதிருக்கும், கறுப்பு டீ-ஷர்ட், கழுத்தில் தொங்கும் சின்ன ஸ்பீக்கர். கட்டடம் எப்போது கட்டியது, சுவர் எத்தனை அடி அகலம் என்று பத்து நிமிடம் நன்றாகவே சொன்னான். யாரும் கேட்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கடைசிப் பக்கத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே ஒற்றை அறைகள் ஏழு, எதிரே ஒரு நடை, வெளிச்சம் குறைவு. பகல் பன்னிரண்டு மணிக்கே பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ஏழாவது அறையின் கம்பிக் கதவில் சிவப்புக் கண்ணாடி வளையல்களை நூல் போட்டுக் கட்டியிருந்தார்கள். வந்துபோகிறவர்கள் ரோஸிக்காகக் கட்டிவிட்டுப் போகிறார்களாம்.

"தைரியம் இருக்கறவங்க வாங்க. மூணு தடவ கூப்பிடணும். திரும்பிப் பாக்கக் கூடாது" என்றான் உதயா.

ஆரோன்தான் போனான். கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"ரோஸி. ரோஸி. ரோஸி."

"இன்னா?"

வரிசைக் கடைசியில், முதலுதவிப் பையும் தண்ணீர்க் கேனும் தூக்கிக்கொண்டு நின்றவர் சொன்னார். வேண்டுமென்று சொல்லவில்லை. யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எல்லோருக்கும் வாயில் வருவதுதான் அவருக்கும் வந்தது. அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட ஆளே இல்லாமல் எத்தனை வருடமோ.

ஆரோன் போனைக் கீழே போட்டான். ஒரு பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உதயா மட்டும் சிரித்தான்.

"செம டைமிங் அக்கா. சூப்பரா பண்றீங்க."

"என் பேரு ரோஸி தம்பி" என்றார் அவர். கேனைக் கீழே வைத்தார். "சவுரிமுத்து பொண்டாட்டி நான்தான். என்ன யாரும் வெட்டல. அவரு எறும்பக் கண்டாக்கூட ஒதுங்கிப் போற மனுஷன். அந்த ரூம தொறக்கறியா?"

சாவிக்கொத்தில் சாவி தேடக்கூட உதயாவுக்கு நேரமாயிற்று. ரோஸி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். எட்டுக்கு எட்டு இருக்கும். சிமெண்டுத் தரை, ஒன்றும் இல்லை. பின் சுவரில், நன்றாக மேலே, மூன்று கம்பி வைத்த சின்ன ஜன்னல்.

அவர் அதை அண்ணாந்து பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்று, வலது கையை உயர்த்தினார். ஒரு முழம் குறைந்தது. முன்னங்காலில் எம்பினார். அப்போதும் எட்டவில்லை. குதித்தார். நாற்பத்தெட்டு வயதுப் பெண்மணி, புடவையோடு, எங்கள் எல்லோர் எதிரிலும் குதித்தார். இன்னும் ஒரு சாண் வேண்டியிருந்தது. மறுபடியும் குதித்தார். விரல் சுண்ணாம்பைக் கீறிக்கொண்டு இறங்கியது.

"எட்டல மிஸ்" என்றார் என் பக்கம் திரும்பி. "எனுக்கே எட்டல."

"ஆமா, எட்டல."

"இங்க பெஞ்சு, ஸ்டூலு எதுனா இருந்துச்சா தம்பி?"

"இல்லக்கா. பாய் மட்டும்தான் குடுப்பாங்க" என்றான் உதயா, கதவுக்கு வெளியே நின்றபடி.

"அப்ப அவருக்கு எப்பிடி எட்டும்?" என்று கேட்டார். அவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். முதலில் சிரித்தார், பிறகு அழுதார். பதினைந்து வருடத்து அழுகை, அதை நான் எழுதிக் காட்ட முடியாது. எனக்கும் அழுகை வந்தது. என்ன ஏது என்று முழுதாகத் தெரியாமலே அழுதேன். வெளியே அபிகாயில் என்ற பெண், யாரும் சொல்லாமலே, கதவில் கட்டியிருந்த வளையல்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

சாப்பாடு முடிந்து பிள்ளைகள் பஸ் ஏறும்போது உதயா என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

"மேடம், அந்த அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்குச் சொல்ல வாய் வரல."

"என்ன சொல்லணும்?"

"அது அந்த ரூம் இல்ல மேடம். எந்த ரூம்னு யாருக்கும் தெரியாது. ரெக்கார்டு எதுவும் எங்ககிட்ட இல்ல. இது கடைசில இருக்கு, இருட்டா இருக்கு, போட்டோக்கு நல்லா இருக்கும்னு நாங்களா செலக்ட் பண்ணது. ரிமாண்டு ஆளுங்கள முன்னாடி பிளாக்லதான் வெச்சிருப்பாங்கன்னு இங்க இருக்கற பெரியவங்க சொல்வாங்க."

அவனை அறைய வேண்டும் போல இருந்தது. அறையவில்லை. "அந்த பிளாக்கைக் காட்டு" என்றேன். வாசலுக்குப் பக்கத்திலேயே நீளமான கூடம். காலையில் அதைக் கடந்துதான் உள்ளே போயிருக்கிறோம், யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. உள்ளே வரிசையாக ஆறு ஜன்னல்கள். காற்றுக்காகப் பெரிதாக வைத்தவை. என் இடுப்பு உயரத்தில் தொடங்கி என் தலைக்கு ஒரு சாண் மேலே முடிந்தன. நான் ஐந்தடி. கையைத் தூக்கினேன். மேல் கம்பியைச் சிரமமில்லாமல் பிடித்தேன். துரு கையில் ஒட்டிக்கொண்டது.

திரும்பி பஸ்ஸுக்கு வந்தபோது ரோஸி படிக்கட்டில் நின்று தலை எண்ணிக்கொண்டிருந்தார். "நாப்பத்தி ரெண்டும் கீது மிஸ், கெளம்பலாம்" என்றார். முகம் கழுவியிருந்தார். அப்படி ஒரு தெளிவான முகத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை. நான் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க நெரிசல். என் பக்கத்து சீட்டில் அவரை உட்காரச் சொன்னேன். செயின், மார்ச்சுவரி, கையெழுத்து, பின் சுவர் எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னார். "பாடி சுத்திதான் மிஸ் குடுத்தாங்க, மூஞ்சி மட்டும் காட்னாங்க. நம்பவும் முடியாம, நம்பாம இருக்கவும் முடியாம இத்தினி வருஷம் போச்சி. பாப்பாகிட்டகூட காமாலைன்னுதான் சொல்லிகீறேன். இன்னிக்கி சொல்லிடப் போறேன்" என்றார். சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு தடவை சொல்ல வாயெடுத்தேன். ஊரப்பாக்கத்தில் ஒரு தடவை. வண்டலூரில் அவர் என் பையிலிருந்து வேர்க்கடலை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். அதற்குப் பிறகு நான் முயலவில்லை.

பேயைவிடப் பெரிய அதிசயம், நாற்பத்திரண்டு பிள்ளைகளும் வீட்டில் வாய் திறக்கவில்லை. ஆரோன்கூட. திங்கட்கிழமை அவன் அவரிடம் போய், "சாரி ரோஸிம்மா" என்றான். அதற்குப் பிறகு எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அடுத்த வாரம் ரோஸி ஒரு வெள்ளைத்தாளோடு வந்தார். மதிய இடைவேளை, வகுப்பில் யாரும் இல்லை.

"புது ஃபாதராண்ட சொன்னேன் மிஸ். கமிட்டிக்காரங்க வாய்ப்பேச்ச ஒத்துக்க மாட்டாங்க, எழுத்துல எதுனா இருந்தா நான் பேசறேன்னாரு. கல்லறத் திருநாளுக்கு இன்னும் ஒம்பது நாளு கீது. நீங்க நேருல பாத்தீங்கல்ல, எட்டலன்னு. அத எழுதிக் குடுங்க. படிச்சவங்க எழுதினா ஒத்துப்பாங்க."

முழு ஆதாரத்தையும் வைக்காதவன் வரலாறு எழுதவில்லை, கதை எழுதுகிறான் என்று வருடா வருடம் முதல் வகுப்பில் சொல்கிறவள் நான். தாளை வாங்கி எழுதினேன். இன்ன தேதியில் மாணவர்களோடு அந்தச் சிறைக்குப் போனோம். சவுரிமுத்து இறந்ததாகச் சொல்லி ஓர் அறையை எங்களுக்குக் காட்டினார்கள். அவரைவிட உயரமான அவர் மனைவி ரோஸி கையை உயர்த்தியும் குதித்தும் ஜன்னல் கம்பி எட்டவில்லை. அதை நான் நேரில் பார்த்தேன். ஒரு வரியிலும் பொய் இல்லை. வாசலுக்குப் பக்கத்தில் இருந்த கூடத்தை மட்டும் எழுதவில்லை.

கையெழுத்துப் போடப் போனேன். ரோஸி என் கையிலிருந்து தாளை மெல்ல இழுத்துக்கொண்டார்.

"இருங்க மிஸ். இந்த தபா படிச்சிட்டு."

பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்தார். முதல் வரியில் விரலை வைத்தார். உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாக, அவசரப்படாமல் கடைசி வரை படித்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படித்து முடித்ததும் தாளை என் பக்கம் தள்ளி, பேனாவையும் எடுத்து வைத்தார்.

"எல்லாம் கரீட்டா கீது மிஸ். போடுங்க."

போட்டேன்.